மிஷின் பச்சை பூசிய வீடு

மண்ணூர்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து சந்து வழியாகப் போகிற பெண்கள் நின்று எட்டிப் பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு போவார்கள். வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மாவின் மெத்தை வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் கொஞ்சம் வெறும் தரை. அதைப் பார்க்கத் தகுந்த வீடாக்கியவள் என் அம்மா. அந்த வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாரும் நிம்மதியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மா பாரிவாக்கம் பக்கம் நாற்று நட்டு, களையெடுத்து வளர்ந்தவள். அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டும் வேலை கிடைத்த பிறகு இங்கே வந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அம்மா அம்பத்தூரில் ஒரு பங்களாவில் வீட்டு வேலை பார்த்தாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். ஓட்டு வீடு. முன்னால் வெள்ளையடித்த மரவேலி. வேலியை ஒட்டி ரோஜா, உள்ளே போகச் செங்கல் பதித்த நடைபாதை. ஜன்னல்களில் பொடிப்பூப் போட்ட திரைகள். இதையெல்லாம்விட அம்மாவைப் பிடித்துக்கொண்டது சுவரில் மாட்டியிருந்த பீங்கான் தட்டுகள்தான். சாப்பிடுவதற்கான தட்டுகள் அல்ல. நீலக் கோட்டில் ஒரு ஓடை, ஓடையின் மேல் பாலம், கரையில் கூரை வீடு, கூரையின் மேல் புகை என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அவற்றை இறக்கித் துடைத்துத் திரும்ப மாட்டுவது அம்மாவின் வேலை.

அந்த வீட்டில் அம்மாவுக்கு டம்ளர் தனி. அது வெளிக் குழாயடியில் கவிழ்ந்திருக்கும். நாற்காலியில் மட்டுமல்ல, படியில்கூட உட்காரக் கூடாது. செடியில் ஒரு கிளை முறிந்திருந்தால் முதலில் அம்மாவைத்தான் கேட்பார்கள். இதையெல்லாம் அம்மா ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. திரைக்கு எப்படி மடிப்பு வைத்திருக்கிறார்கள், எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்றுதான் வந்து சொல்வாள். பிறகு அந்தத் தம்பதி மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். போகும்போது அந்த அம்மாள் ஒரு கட்டுப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளையும் விளிம்பு உடைந்த ஒரு தட்டையும் அம்மாவுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வாசலில் நிறுத்திப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னாளாம்.

"காட்டினேன். தட்டு ஒடஞ்சிறப் போவுதுன்னுதான் பயமா இருந்துச்சு," என்றாள் அம்மா.

அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். எல்லாம் வெளிநாட்டுக் கிராமத்து வீடுகளின் படங்கள். தகர வாளியில் பூச்செண்டு, நீலக் கதவு, கல் அடுப்பு, சுவரில் கையால் வரைந்த கோழியும் வாத்தும். அதன் பிறகு அவள் வேறு வீட்டு வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டாள்.

அப்பாவின் பட்டறையில் இயந்திரங்களுக்கு அடித்து மீந்த வெளிர்பச்சைப் பெயிண்டை அப்பா பாட்டிலில் கொண்டுவந்தார். கதவுக்கும் ஜன்னலுக்கும் அந்த மிஷின் பச்சைதான். கட்டடம் கட்டுகிற இடங்களில் உடைந்து கிடந்த செங்கல்லைப் பொறுக்கி வந்து வாசலில் இருந்து சந்துவரை பாதை பதித்தாள். எண்ணெய் டின்களில் செம்பருத்தி, பட்டன் ரோஸ், கனகாம்பரம், டிசம்பர் பூ வைத்தாள். நான் பத்தாவது முடித்து எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே கழித்துப் போட்ட துண்டுத் துணிகளைக் கொண்டுவரச் சொல்வாள். பொடிப்பூத் துணிகளை ஒட்டுப்போட்டுத் திரை தைத்தாள்.

கடைசியில் சுவர். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற பெரிய சுவர் முழுக்க அம்மா வரைந்தாள். சுண்ணாம்பு, காவி, துணிக்குப் போடும் நீலம், மிச்சமிருந்த மிஷின் பச்சை இவைதான் நிறங்கள். பழைய பல் பிரஷ்ஷும் நுனி நசுக்கிய வேப்பங்குச்சியும்தான் தூரிகை. தட்டில் இருந்த வீட்டைப் பார்த்துத்தான் தொடங்கினாள். போகப்போக அது வேறாகிவிட்டது. ஓடை ஏரியானது. பாலத்துக்குப் பதில் வரப்பு வந்தது. வரப்பில் கொக்குகள், தூரத்தில் பனை, நடுவில் ஒரு வீடு, வீட்டைச் சுற்றி எந்த ஊரிலும் இல்லாத பூக்கள். மாதக்கணக்கில் வரைந்தாள். இன்றுவரை நான் பார்த்த சித்திரங்களில் அதைவிட அழகானது இல்லை. அதில் மனிதர்கள் மட்டும் இல்லை. வயலில் யாரும் வேலை செய்யவில்லை, வாசலில் யாரும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஆளு வந்தா அசிங்கம் பண்ணிடும்," என்றாள்.

எங்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். அப்பா வேலை முடிந்து வந்தால் எண்ணெய்ச் சட்டையைச் சந்திலேயே கழற்றி, வெளிக் குழாயில் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். அப்படியும் அந்தச் சுவர்ப் பக்கம் சாயக் கூடாது. நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்ப்பாள். ஒருமுறை அவர் தெரியாமல் திரையில் கை துடைத்துவிட்டார். வாசலில் எல்லோரும் பார்க்க அந்தத் திரையை அவர் முகத்தில் வீசினாள். அதன்பிறகு அவர் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் வெளியிலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் ஆசையாக ஒரு தலையணை உறையில் பூப் பின்னிக் கொடுத்தபோது, வாங்கிப் பார்த்து, கரித்துணியாக வைத்துக்கொண்டாள்.

உள்ளே வந்து உட்கார அம்மா அனுமதித்த ஒரே ஆள் வீட்டுக்காரம்மாவின் மகள். என் வயதுதான் அவளுக்கும். அம்மாவை அத்தே என்று கூப்பிடுவாள். சத்தமில்லாமல் வருவாள், சுவருக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அம்மா வரைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிரஷ்ஷைத் தொட்டதில்லை, எதையும் கேட்டதில்லை. அப்படி ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பாள். எனக்கு அதில் பொறாமை இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பூந்தமல்லிக் குடும்பம், பையனுக்கு எஸ்டேட்டிலேயே நல்ல வேலை. பெண் பார்க்க வருகிற அன்று காலையில் வீட்டுக்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். மேல்தளம் கட்டிக்கொண்டிருந்ததால் அவள் வீட்டுக் கூடம் முழுக்க சிமெண்ட் மூட்டையாகக் கிடந்தது. வருகிறவர்களை எங்கள் வீட்டில் உட்காரவைத்துக்கொள்கிறேன் என்றாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பகலெல்லாம் துடைத்தாள். அப்பாவை டீக்கடைக்கு அனுப்பிவிட்டாள். நானும் அம்மாவும் பின்பக்கம் சமையல்கட்டில் காபிக்கு நின்றோம்.

வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார் வரைந்தது என்று கேட்டாள். ஒரு நொடிகூடத் தயங்காமல் வீட்டுக்காரம்மா சொன்னாள்.

"எம் பொண்ணுதாங்க. அவ கை சும்மாவே இருக்காது."

திரையும் அவள் தைத்ததுதானா, செடியும் அவள் வைத்ததுதானா என்று கேட்டார்கள். எல்லாமே அவள்தான். பின்னால் நிற்பவர்கள் யார் என்றதற்கு, கூடமாட ஒத்தாசைக்கு வைத்திருக்கிறோம் என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். டம்ளர்களை வரிசையாக வைத்துக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். தன் அம்மா சொல்லிவிட்டாள், தான் என்ன செய்ய முடியும் என்றாள்.

"சொல்ட்டுப் போவட்டும் வுடு," என்றாள் அம்மா. "கல்யாணத்துக்குச் சொல்ற பொய்தானே." சொல்லிவிட்டு அவளுக்கு டீ போட்டாள். உண்மையாகவே அன்று அம்மாவுக்குக் கோபம் இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்தில் வீட்டுக்காரம்மா மறுபடியும் வந்தாள். கல்யாணம் ஆவணியில், அதற்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. வாடகை போதவில்லையா என்று கேட்டாள்.

"வாடகை இல்லம்மே. எம் பொண்ணு இந்த ஊடேதான் வோணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மாப்ள ஊட்லயும் இதப் பாத்துதான் ஒத்துகினாங்கோ. அவுங்க இங்கதான் குடித்தனம் வைக்கப் போறாங்கோ."

ஆடி மாதத்தில் யாராவது வீடு மாறுவார்களா, ஆவணி பிறந்ததும் போய்விடுகிறோம் என்று அம்மா கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"உங்களுக்கு இன்னா ஆடி, ஆவணி?" என்றாள் வீட்டுக்காரம்மா. போகும்போது திரும்பி, செடி எதையும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது, மண் என்னுடையது என்றாள். திரைகளும் இருக்கட்டும் என்றாள். அம்மா சரி என்றாள்.

அந்தப் பெண் அந்த நாட்களில் எங்கள் பக்கம் வரவில்லை. மெத்தை வீட்டு ஜன்னலில் நின்று பார்ப்பாள், அம்மா நிமிர்ந்தால் உள்ளே போய்விடுவாள். கோவில்பதாகையில் அப்பா ஒரு வீடு பார்த்தார். ஏரிக்கரைக்குப் பக்கத்தில், தண்ணீர் கசிகிற வீடு. சாமான்களைக் கட்டினோம். காலி செய்வதற்கு முதல் நாள் அம்மா அப்பாவிடம், வரும்போது பட்டறையில் இருந்து ஒரு டப்பா வேஸ்ட் ஆயில் கொண்டுவரச் சொன்னாள். கரையானுக்குக் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மீன்பாடி வண்டி வந்து சந்தில் நின்றது. அப்பாவும் வண்டிக்காரரும் கட்டிலையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா பெரிய அலுமினியக் குண்டானில் கல்லுப்பைக் கரைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். அதைச் சொம்பில் மொண்டு, தினமும் எப்படிச் செடிக்கு ஊற்றுவாளோ அப்படியே, அவசரப்படாமல், ஒவ்வொரு டின்னிலும் தண்டைச் சுற்றி ஊற்றினாள். பட்டன் ரோஸ் நின்றபடியே கறுத்தது. செம்பருத்தி இலைகள் வெந்த கீரைபோலத் தொங்கின.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் மாடியில் இருந்து ஓடி வந்தாள். அதற்குள் அம்மா உள்ளே போய்விட்டாள். கறுப்பு எண்ணெயில் துணியை முக்கி, சுவரின் இடது ஓரத்தில் இருந்து தேய்க்கத் தொடங்கியிருந்தாள். முதலில் பனை போனது. பிறகு கொக்குகள். எண்ணெய் வழிந்து தரையில் சொட்டியது. கிரீஸ் கை படக் கூடாது என்று வருடக்கணக்கில் காத்த சுவரில் அவளே முழங்கைவரை கறுப்பாக நின்று தேய்த்தாள். எண்ணெய் ஏறிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. எத்தனை முறை அடித்தாலும் ஊறி மேலே வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும்.

"அத்தே, வோணாம் அத்தே," என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்தாள். "எம்மேல கோவம்னா என்ன அடி. அது இன்னா பண்ணுச்சு?"

அம்மா கையை விடுவித்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ வரஞ்சதுதானே. திருப்பி வரஞ்சிக்கோ."

நடுவில் இருந்த வீட்டையும் தேய்த்து முடித்துவிட்டு, துணியை அவள் காலடியில் போட்டாள். வாசலில் நின்ற அப்பா திரும்பிப் போய் வண்டியில் கட்டிலைக் கட்டினார். வீட்டுக்காரம்மா வந்து மாரில் அடித்துக்கொண்டு திட்டியது, நாங்கள் மெயின் ரோடு திரும்புகிறவரை கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கம்பெனியில் பக்கத்து மிஷினில் தைக்கிறவள் சொல்லித் தெரிந்தது. அவள் அதே சந்தில் குடியிருந்தாள். கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்குள் எண்ணெய் மஞ்சளாக ஊறி வெளியே வந்துவிட்டது. குடியிருந்தவர்கள் வயிற்றெரிச்சலில் பாழாக்கிவிட்டார்கள் என்று வீட்டுக்காரம்மா சொல்லிக்கொண்டாள். அவர்களோடு வந்து தங்கிய மாமியார், அதனால் என்ன, என் மருமகள் மறுபடியும் வரைந்துவிடுவாள் என்றாளாம். நாள் தள்ளிப்போட்டுப் பார்த்திருக்கிறாள் அந்தப் பெண். முடியவில்லை. வேறொரு சுவரில் வரைய வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற வீடு மாதிரி, இரண்டு கோடும் ஒரு முக்கோணமும் வந்தது.

மாமியார் அதை அழிக்கவிடவில்லை. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாளாம். பெண் பார்க்கப் போனபோது என்ன சொன்னார்கள், இங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாளாம். வரைந்தால்தான் சோறு என்று ஒருநாள் அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து உட்காரவைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். புருஷன் ஒன்றும் கேட்கவில்லை. எது சொன்னாலும் அவளை நம்பக் கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அப்பால?" என்றாள்.

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் அவளாகவே, அங்கே என்ன சேதி என்று கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். ஒரு கட்டத்தில் நான் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். நான் மறைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தொண்ணூறுகளில் கோவில்பதாகையிலேயே ஒரு துண்டு மனை வாங்கி அப்பா வீடு கட்டினார். அம்மா திரும்பவும் வரைந்தாள். பாவம் செய்தவளுக்குக் கை விளங்காமல் போகும் என்றெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிட நன்றாகவே வந்தது. வீதியைப் பார்த்த நீண்ட மதில் முழுக்க, ஏரி மேல் பறக்கிற பறவைகளும் கொடிகளும் சின்னச் சின்ன வீடுகளுமாகப் போட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்து சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கல்யாணமாகிப் போயிருந்த நான் பிரசவத்துக்காக அப்போது அம்மா வீட்டில் இருந்தேன்.

ஒருநாள் மதியம் அந்தப் பெண் வந்தாள். அடையாளம் தெரியவில்லை. முன்பற்களில் ஒன்று இல்லை. மதிலின் முன் ஏணி போட்டு அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். இவள் கீழே நின்று, அத்தே என்றாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்ல வந்தது இதுதான். மாமியார் ஒரு வாரம் ஊருக்குப் போயிருக்கிறாள். அம்மா ஒருநாள் வந்து ஒரு சின்னப் படம், ஒரு கொக்கு போட்டுக் கொடுத்தால் போதும். தான் வரைந்ததாகச் சொல்லிக்கொள்வாள். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும்.

அம்மா பெயிண்ட் டப்பாவை ஏணியில் இருந்து நீட்டி, "இதப் புடி," என்றாள்.

அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா பிரஷ்ஷைத் தோய்த்துத் தோய்த்து வரைந்தாள். ஒரு கிளை முடிந்து இன்னொரு கிளை போட்டாள். ஏணியை நகர்த்தும்போது அவளும் நகர்ந்தாள். டப்பாவைக் கீழே வைக்கச் சொல்லி நான் ஜாடை காட்டினேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். பிடித்துக்கொண்டிருக்கிறவரை அம்மா ஒத்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பாள். வெயில் சாய்ந்தது. பால்காரர் வந்து போனார். அம்மா ஏணியில் இருந்து இறங்கி, டப்பாவை அவள் கையில் இருந்து வாங்கி மூடினாள்.

"பஸ்ஸு பூடப் போவுது. கெளம்பு," என்றாள். உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

நான் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாயே, நீ திரும்பிப் போ என்று இரண்டு முறை சொன்னாள். நான் போகவில்லை.  ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். டப்பாவில் இருந்து வழிந்து விரலெல்லாம் நீலமாகியிருந்தது. புடவைத் தலைப்பில் தேய்த்தாள், தலைப்பும் நீலமானது.

"இது போவாதா?" என்று கேட்டாள். "அவுரு பாத்தா எங்க போனேன்னு கேப்பாரு."

எதிரே சைக்கிள் கடையில் கேட்டு, ஒரு மூடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி வந்தேன். என் முந்தானையை நனைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நகத்தைச் சுற்றி இருந்தது மட்டும் போகவில்லை. பஸ் வந்தது. அவள் கையை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள்.